போபோவுக்கு நீ போட்ட பதினாறு

அன்புத் தம்பி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. தங்கச்சி ஆரணி இப்போதுதான் இருமல் அடங்கித் தூங்கினாள். அப்பாவுக்கு விடிய வேலை என்பதால் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். பகலில் எழுதலாம் என்றுதான் மூன்று நாளாகப் பார்த்தேன், பேனாவை எடுத்ததுமே கோபம் வந்து மூடி வைத்துவிடுகிறேன். இப்போதும் கோபம்தான். கத்த முடியாத நேரம் என்பதால் எழுத்தில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நீ தமிழ் மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். நல்லது, மெதுவாகவே வாசி. பாதியில் மூடி வைத்துவிட்டு 'ஓகே அம்மா' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பாதே.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி போபோவை முதியோர் இல்லத்தில் விடுவதா என்று பார்க்க, வருகிற வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். போபோவின் மகள் ஜெனி வருகிறவர்கள் முன்னால் வைக்கப்போவது நீ ஆவணியில் நிரப்பிய அந்த மறதிச் சோதனைக் காகிதத்தைத்தான். முப்பதுக்குப் பதினாறு. அதற்குக் கீழே உன் கையெழுத்தில் 'பாதிப்பு உண்டு', அதன் கீழே இரண்டு கோடு. அந்தப் புள்ளியை நம்ப வேண்டாம் என்று நீ ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். இதை நான் மூன்று கிழமையாகக் கேட்கிறேன். நீ சிட்னியில் பிளேஸ்மென்ட் பயிற்சியில் இருந்துகொண்டு, வேலை இருக்கிறது, பிறகு பேசுவோம், பிறகு பேசுவோம் என்கிறாய். போபோவுக்கு 'பிறகு' என்று ஒன்று இல்லை, தம்பி.

தொடங்கியது நான்தான். அதை மறைக்கவில்லை. வேலியில் நின்று ஜெனி என்னிடம், அம்மா நேற்றுக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார், பயமாக இருக்கிறது என்று சொன்னாள். வேறு யாராவது என்றால், டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் ஒரு தமிழ்த் தாய். என் பிள்ளை பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் மூளையைப் பற்றிப் படிக்கிறான், அவனை அனுப்புகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தேன். நம்முடைய ஆட்களின் வழக்கம் இதுதானே. பிள்ளை மருத்துவபீடத்தில் கால் வைத்த அன்றே ஊரில் உள்ள முழங்கால் வலியெல்லாம் அவனிடம் வரும், பெற்றதுகள் பக்கத்தில் நின்று வரிசை பிடித்துவிடுவோம். நீ அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னாய்.

"அம்மா, அது வகுப்பில பழகிறதுக்கு மட்டும். வெளியில ஒருத்தருக்கும் செய்யக்கூடாது."

"பக்கத்து வீடு வெளியோ? அந்த மனுசி உன்ர தங்கச்சியை ரெண்டு வருசமாப் பாக்குது."

நான் அப்படிச் சொன்னேன். நீ தோளைக் குலுக்கிவிட்டுப் படிவத்தை எடுத்து வந்தாய். நீ அன்றைக்கு என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம். நான் இன்றைக்கு உன்னோடு பிடிக்கிற சண்டையில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போபோ நீலச் சட்டை போட்டு, தலை வாரி, விருந்துக்கு வருகிறவர் மாதிரி ஒரு பிடி பூண்டுத்தாளும் கொண்டு எங்கள் குசினிக்கு வந்தார். எண்பத்து நாலு வயது. சீனாவின் தெற்கே ஏதோ ஒரு கிராமம். அண்ணன் தம்பிகள் பள்ளிக்கூடம் போனார்கள், இவர் ஒரு நாள்கூடப் போகவில்லை. அதையும் நீ கேட்டாய், ஜெனி சொன்னாள், நீ எழுதினாய். பிறகு கேள்விகள். நீ ஆங்கிலத்தில் கேட்க ஜெனி தங்கள் சீனப் பேச்சில் அவருக்குச் சொன்னாள். இன்றைக்கு என்ன திகதி? ஏழாம் மாதம், மூன்றாம் நாள். இப்போது என்ன பருவம்? இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. ஜெனி கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்து, அம்மா எங்களுடைய பழைய நாட்காட்டிப்படி சொல்கிறார் என்றாள். நீ தலை நிமிரவே இல்லை.

"ஃபோர்மில இண்டைய திகதி எண்டுதான் இருக்கு, அன்ரி."

மாதத்துக்கு ஒரு பிழை, நாளுக்கு ஒரு பிழை, பருவத்துக்கு ஒரு பிழை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் மெல்பேர்ன் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என்னிடம் ஆடிக்கூழ் வாங்கிக் குடித்தாய், இரண்டாம் கோப்பையும் கேட்டாய். வெளியே குளிர்காலம், எங்கள் வீட்டுக்குள் ஆடி. ஒரு நாளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் உன்னை விட நன்றாக யாருக்குத் தெரியும்? என்னை யாராவது தூக்கத்தில் எழுப்பி என்ன மாதம் என்று கேட்டால் நானும் ஆவணி என்றுதான் சொல்வேன். எனக்கும் கழிப்பாயா?

பிறகு ஒரு வரியைக் காட்டி, வாசித்து அதன்படி செய்யச் சொன்னாய். அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வசனம் எழுதச் சொன்னாய். அதற்கும் சிரித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது விரலை மடக்கினார், ஜெனி அவர் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் ஒரு படத்தைப் பார்த்து அதே மாதிரி வரையச் சொன்னாய். பென்சிலைக் கத்தி பிடிக்கிற மாதிரிப் பிடித்து ஏதோ சொன்னார். ஜெனி அதை உனக்குச் சொல்லவில்லை. நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "இதை என் கையில் ஒருவரும் இதுவரை தந்ததில்லை" என்று சொன்னாராம். எண்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு மனுசிக்குப் பென்சில் கொடுத்தது நீ, தம்பி. கொடுத்ததும் அதற்குப் பூச்சியம் போட்டாய். நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, என் பிள்ளை டொக்டர் மாதிரி அட்டையில் காகிதம் வைத்து எழுதுகிறானே என்று பெருமையில் நின்றேன். அதை நினைக்க இப்போது முகம் எரிகிறது.

அவர்கள் போனதும் கூட்டிப் பார்த்துவிட்டு, பதினாறு அம்மா, நல்லாக் குறைவு என்றாய். நான் எங்கே வளர்ந்தவள் என்று உனக்குத் தெரியும்தானே. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் பலகையில் ஒட்டின பெறுபேற்றைப் பார்த்துத்தான் ஒரு பிள்ளை கெட்டிக்காரனா மொக்கனா என்று ஊர் முடிவெடுக்கும். புள்ளி என்று ஒன்று காதில் விழுந்தால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. நீ சிட்னிக்குப் போன மறுநாள் ஜெனி கேட்டாள். நான் உன் மேசையில் இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன், ஏதோ ரிப்போர்ட் கார்ட் கொடுக்கிற மாதிரி. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். முதல் கிழமையே அடுப்புத் திருகிகளைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த கிழமை பின் கேற்றுக்குப் பூட்டு. ஆரணியைப் பார்க்க அவரை இனி விடமாட்டோம், பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று ஜெனி சொல்லிவிட்டாள். நான் அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் கையில் எழுத்தில் இருக்கிறது. முந்தி நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த மனுசி இப்போது குசினிக் கதிரையில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலால் பார்த்தால் தெரிகிறது. ஆரணி தினமும் கேட்கிறாள், போபோ ஏன் வாறேல்லை, நான் குழப்படி செய்தனானோ என்று. நாலு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? அண்ணா அவவை ஃபெயிலாக்கிப்போட்டான் என்றா?

உனக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். போன வருடம் ஆரணி கூப்பிட்டால் திரும்புவதில்லை, அடம் பிடிக்கிறாள் என்று நான் அடித்தேன். அப்பா ஏசினார். கிண்டர் ரீச்சர், கவனம் குறைவு என்றார். நீயும் ஏதோ ஒரு நீண்ட ஆங்கிலச் சொல் சொன்னாய். போபோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை பிள்ளையைத் தரையில் இருத்தி விளையாட விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்று சட்டி மூடியால் மெல்லத் தட்டினார். வலப்பக்கம் தட்டினால் பிள்ளை திரும்பினாள். இடப்பக்கம் தட்டினால் திரும்பவில்லை. மூன்று நாள், வேறு வேறு நேரத்தில், வேறு வேறு தூரத்தில் அப்படிச் செய்துவிட்டுத்தான் என் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். டொக்டர் பார்த்து இடக் காதுக்குள் நீர் கட்டியிருக்கிறது என்றார். இதற்கு என்ன பெயர், தம்பி? நீ படிக்கிறதுதானே இது? அவர் காகிதம் இல்லாமல் ஒரு சோதனை செய்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார், ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோடு கீறவில்லை.

மூன்று கிழமைக்கு முன்னால் உன் அறையைத் துடைக்கப் போனேன். கட்டிலுக்குக் கீழே அந்தச் சோதனையின் கைநூல் கிடந்தது. நானும் பட்டம் எடுத்தவள்தான், வாசித்தால் விளங்கும். பின்பக்கங்களில் ஒரு அட்டவணை. ஒரு பக்கம் வயது, மறு பக்கம் படித்த ஆண்டுகள். அதற்கு மேலே சீன முதியவர்களைப் பற்றியே ஒரு பத்தி போட்டிருக்கிறது. வயது கூடக்கூட, படிப்புக் குறையக்குறைய, ஒரு நோயும் இல்லாதவர்களுக்கே புள்ளி இறங்கும், பள்ளிக்கூடமே போகாதவருக்கும் பல்கலைக்கழகம் போனவருக்கும் ஒரே எல்லைக் கோட்டைப் போட்டால் சுகமாக இருக்கிறவர்களும் கோட்டுக்குக் கீழே விழுவார்கள் என்று. படிப்பில்லாதவர்களுக்கென்று கோடே வேறு. அந்தத் தாள்கள் இரண்டும் வெட்டாத புதுத் தாளாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் நகத்தால் பிரித்தேன். உன் காகிதத்திலோ மேல் மூலையில் அழகாக எழுதியிருக்கிறாய்: வயது எண்பத்து நாலு, படித்த ஆண்டுகள் பூச்சியம். கேட்டாய், எழுதினாய். பிறகு அதைப் பார்க்கவே இல்லை! அவருக்குத் திகதி தெரியாததை விட உனக்கு இது தெரியாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கே உனக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்கிரீனிங் டெஸ்ட். அதை வைச்சு ஒருத்தரும் மறதி வருத்தம் எண்டு சொல்லேலாது."

"அப்ப ஏன் ரெண்டு கோடு கீறினனீ?"

உடனே பேச்சை என் பக்கம் திருப்பினாய்: "நீங்கதானே பேப்பரை எடுத்துக் குடுத்தனீங்கள்."

"ஓம். நான்தான். அதை ஜெனிட்டையும் சொல்லிப்போட்டன். இப்ப நீ சொல்லு."

"லெட்டர் எழுதினா சூப்பர்வைசருக்குத் தெரியவரும். வெளியில செய்யக்கூடாது எண்டு கையெழுத்து வைச்சனான் அம்மா. பிளேஸ்மென்ட் போயிடும். யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."

எனக்கு விளங்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. எனக்கு விளங்குகிற அளவுக்கு ஒருவருக்கும் விளங்காது. உன்னை இருபது வயதில் பெற்றேன். உனக்கு ஒரு வயது நிறைய முன்னமே திரும்பப் போய்ப் பரீட்சை எழுதினேன். பால் கட்டி நெஞ்சு நோக உட்கார்ந்து எழுதினேன். புள்ளி இல்லாவிட்டால் நாங்கள் ஒன்றுமில்லை என்று நான் நம்பினேன், அந்த நம்பிக்கையைத்தான் உனக்குச் சோற்றோடு ஊட்டினேன். ஆறாம் வகுப்பில் தொண்ணூற்று மூன்று எடுத்துக்கொண்டு ஓடிவந்தாய். மிச்சம் ஏழு எங்கே என்று கேட்டேன். நீ உடுப்பு மாற்றாமல் படியில் இருந்து அழுதாய், நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அதற்கு நான் உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் அதைச் சாட்டி நீ போபோவிடமிருந்து தப்ப முடியாது. நான் உன்னை அப்படி வளர்த்தது என் பிழை. அப்படியே இருந்துவிடுவது உன் பிழை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஆங்கிலப் பரீட்சை வைத்தார்களே, அதற்கு நீயும் என்னோடு வந்திருந்தாய், உனக்கு எட்டு வயது. நான் பட்டப் படிப்பில் கட்டுரை கட்டுரையாக எழுதியவள். அந்த அறைக்குள் இயர்ஃபோனில் வந்த பேச்சில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பெறுபேற்றைத் தந்த பெண் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, உன் அம்மாவுக்கு விளங்குகிறதா என்று கேட்டாள். நீ என் கையை இறுக்கிப் பிடித்து, "மை மம் இஸ் வெரி ஸ்மார்ட்" என்றாய். காரில் வரும்போது நான் அழ, நீயும் அழுதாய். ஒரு காகிதம் ஒரு ஆளை என்ன செய்யும் என்று எட்டு வயதில் தெரிந்த பிள்ளைக்கு இருபது வயதில் எப்படித் தெரியாமல் போனது? அங்கே உனக்கு என்னதான் படிப்பிக்கிறார்கள்?

போபோவுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கேத்திலை மறந்தது உண்மை. ஒருவேளை மறதி தொடங்கியிருக்கலாம், ஒருவேளை இல்லை. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாது என்று எழுது என்றுதான் கேட்கிறேன். வருகிறவர்கள் தாங்களும் சோதிப்பார்கள்தானே என்று நீ சொன்னாய். சோதிப்பார்கள். ஆனால் உன்னிடம் தோற்ற நாளிலிருந்து போபோ பேனாவோடு வருகிற ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. போன கிழமை குடும்ப டொக்டர் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். வியாழக்கிழமையும் அப்படி இருந்தால், உன் பதினாறையும் அந்த மௌனத்தையும் சேர்த்துப் பார்த்து அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. மொழிபெயர்க்கப் போவதும் ஜெனிதான், அவளோ பயந்துபோய் இருக்கிறாள்.

நான் அந்தக் கைநூலை எடுத்துக்கொண்டு அவளிடம் போகாமல் இல்லை. வாசலில் வைத்தே அட்டவணையைக் காட்டினேன். அவள் பொறுமையாகத்தான் பார்த்தாள். பிறகு அவளுடைய ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள் நல்லவர். என் அம்மா மேல் பாசம். ஆனால் படித்தவன் உங்கள் மகன். பிழை என்றால் அவன் சொல்லட்டும்." எனக்கும் பட்டம் இருக்கிறது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு வந்தேன். அவள் என்னிடம் சொன்னது, நான் வேலியில் நின்று அவளுக்குப் படிப்பித்ததுதானே. கதவைச் சாத்தும்போது உள்ளே போபோ தெரிந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த புத்தகத்தைக் கண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நீ எழுத வேண்டியது ஒரு பக்கம்தான். நான் ஒரு மாணவன், இதைச் செய்ய எனக்கு அனுமதி இல்லை, இவர் பள்ளிக்கூடம் போகாதவர் என்று தெரிந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, மகளை வைத்து மொழிபெயர்த்தேன், அவருடைய நாட்காட்டியைப் பிழை என்று போட்டேன், ஆகையால் இந்தப் புள்ளிக்கு ஒரு அர்த்தமும் இல்லை, அவருடைய ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, அவர் வயதுக்கும் படிப்புக்கும் உரிய கோட்டை வைத்துத் திரும்பப் பாருங்கள் என்று. ஆங்கிலத்தில் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பு. முதலில் உன் சூப்பர்வைசரிடம் நீயே போய்ச் சொல்லு. அவர் வேறொருவர் வாயால் கேட்பதை விட அது நல்லது. பிளேஸ்மென்ட் போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது உண்மை. ஒரு வருடம் பிந்தினால் இங்கே வந்து இரு, சாப்பாடு போடுகிறேன், ஒரு சொல் சொல்ல மாட்டேன். அயலில் கேட்டால் நானே காரணம் சொல்வேன்.

எழுத மாட்டாய் என்றால் அதையும் எழுது. அப்போது வியாழக்கிழமை நான் தனியப் போய் அந்த மேசையில் இருந்து என் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும், அதற்கு எனக்கு ஒரு நாளாவது வேண்டும். நீ ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமைக்கு முன்னம் பதில் போடு, தம்பி. கெதியாய்ப் போடு.

அம்மா